ரோமர் 16-உம் தோட்டத்துப் பேர்களும்

கோலாலம்பூரில் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுக்குள் நுழைந்தால், பெரும்பாலும் வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வசனம் தொங்கிக்கொண்டிருக்கும். செந்தூல் அடுக்குமாடியாக இருந்தாலும் சரி, கிள்ளான் பக்கத்துத் தாமான் வீடாக இருந்தாலும் சரி. அவற்றில் நான் அதிகம் பார்த்தது ஏசாயா 43-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம்: “பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்.” எஸ்பிஎம் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் பெரியவருக்கும் இதைத்தான் அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். எத்தனையோ பேரை அது தாங்கியிருக்கிறது. என்னையும் தாங்கியிருக்கிறது.

ஆனால் சுவரில் தொங்குவது பாதி வசனம். முழு வசனமும் “இப்போதும் யாக்கோபே” என்று தொடங்கி, “இஸ்ரவேலே” என்று விளித்த பிறகுதான் ‘பயப்படாதே’ என்கிறது. ஊரையும் ஆலயத்தையும் இழந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு ஜனக்கூட்டத்துக்குச் சொன்ன ஆறுதல் அது. மொத்த ஜனத்தையும் ஒரே பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் தேவன் கூப்பிடுகிறார். நான் அந்த அழைப்புக்குள் நிற்கிறேன் என்றால், என் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆட்கள் நிற்கிறார்கள் என்றுதான் பொருள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சபைகளின் வாலிபர் முகாம்களில் ‘கிறிஸ்துவுக்குள் நான் யார்’ என்ற தலைப்பு அடிக்கடி வருகிறது. நான் தேவனுடைய பிள்ளை, நான் தெரிந்துகொள்ளப்பட்டவன், நான் ஜெயங்கொள்ளுகிறவன் என்று பிள்ளைகள் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். எல்லாம் வேதத்தில் உள்ளதுதான். ஆயினும் அந்தத் தாளில் ‘நான்’ தவிர வேறொரு ஆள் இல்லை. தாத்தா இல்லை, அவர் வாழ்ந்த ரப்பர் தோட்டம் இல்லை, பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் பாட்டி இல்லை. வேதாகமமோ, ‘நான் யார்’ என்று கேட்பவரிடம் ஒரு பேர்ப் பட்டியலை நீட்டுகிற புத்தகம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யாரும் பிரசங்கிக்காத ஓர் அதிகாரம். அதற்கு வருமுன், இந்த ஊரில் அந்தக் கேள்வி நம்மிடம் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

யோனா தீர்க்கதரிசி கப்பலில் ஓடும்போது புயல் வருகிறது. மாலுமிகள் அவனைப் பிடித்துக் கேட்கிறார்கள்: “உன் தொழிலென்ன? நீ எங்கேயிருந்து வருகிறாய்? உன் தேசம் எது? நீ என்ன ஜாதியான்?” மலேசியாவில் வாழ்கிறவருக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. பள்ளிச் சேர்க்கையிலிருந்து வங்கிக் கணக்குவரை எந்தப் படிவத்தை எடுத்தாலும் பேர், இனம், மதம், தொழில் என்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். இனம் என்ற கட்டத்தில் ‘இந்தியர்’, மதம் என்ற கட்டத்தில் ‘கிறிஸ்தவம்’. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டு மக்களில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. அவர்களில் பெரும்பகுதியினர் சபா, சரவாக் மாநிலங்களில் இருக்கிறார்கள். தீபகற்பத்துத் தமிழ்க் கிறிஸ்தவன் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. பிற இனத்தார் இந்தியர் என்றால் இந்து என்று எண்ணித் தீபாவளி வாழ்த்துச் சொல்கிறார்கள். நம் இனத்தாரில் சிலர், ‘நீங்கள் வேதக்காரர்கள், உங்களுக்கு எதற்குப் பொங்கல்?’ என்று கேட்கிறார்கள். ஆங்கில ஆராதனைக்குப் போகும் உறவினர்கள், ‘இன்னுமா தமிழ்ச் சபையில் இருக்கிறீர்கள்?’ என்கிறார்கள். மூன்று பக்கமும் மூன்று கேள்வி.

எங்கள் குடும்பத்தில் தாத்தா தோட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய அண்ணன் பெறவில்லை. இன்றைக்கும் அந்தப் பெரிய தாத்தா வழி உறவுகள் இந்துக்கள். கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புக்கு அவர்கள் எல்லாரும் வருவார்கள் என்பதால் எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. யாரும் விதி போடவில்லை. பாட்டி சமைக்கவில்லை, அம்மா சமைக்கவில்லை, நானும் சமைப்பதில்லை. இதை விசுவாசக் குறைவு என்று ஒரு சகோதரர் என்னிடமே சொன்னார். அவருக்கு நான் பவுல் அப்போஸ்தலனின் ரோமர் நிருபத்திலிருந்து 14-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன்: “புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாயெண்ணாதிருப்பானாக, புசியாதிருக்கிறவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக.” சாப்பாட்டுத் தட்டின்மேல் சகோதரனை நியாயந்தீர்க்காதே என்று பவுல் ஓர் அதிகாரம் முழுக்க மன்றாடுகிறார். ஏன் இவ்வளவு மன்றாட்டு என்பது இரண்டு அதிகாரம் தள்ளிப்போனால் புரியும். நான் சொன்ன அந்தப் பேர்ப் பட்டியல் அங்கேதான் இருக்கிறது.

ரோமர் 16-ஐ ஞாயிறு ஆராதனையில் வாசிக்கக் கொடுத்தால் வாசகர்கள் திணறுவார்கள். அசிங்கிரீத்து, பிலெகோன், எர்மா, பத்திரொபா, எர்மே என்று நாக்கு மடங்கும். வேதபாட வகுப்புகளில் ‘மீதி வாழ்த்துதல்கள்’ என்று தாண்டிப்போவதே வழக்கம். கி.பி. 57-ஐ ஒட்டி, கொரிந்துவில் இருந்துகொண்டு, தான் இன்னும் கண்ணால் பார்த்திராத ரோமாபுரிச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம் அது. பாவம், கிருபை, நியாயப்பிரமாணம், இஸ்ரவேலின் எதிர்காலம் என்று பதினைந்து அதிகாரம் எழுதிவிட்டு, கடைசியில் இருபத்து நான்கு பேரைப் பேர் சொல்லி வாழ்த்தச் சொல்கிறார். பேரில்லாமல் ஒரு தாயும் ஒரு சகோதரியும் கூட இருக்கிறார்கள். மற்ற எந்த நிருபத்திலும் இத்தனை பேர் வாழ்த்தப்படவில்லை.

யார் இவர்கள்? முதலில் வருகிற பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் கூடாரம் தைக்கிற தம்பதி. ஆக்கில்லா பொந்து நாட்டில் பிறந்தவன் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. பிறகு ரோமாபுரிக்குப் பிழைக்கப் போனவர்கள், கிலவுதியு ராயன் யூதரை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது கொரிந்துவுக்கு வந்தார்கள், அங்கிருந்து எபேசுவுக்குப் போனார்கள், கடைசியில் மறுபடியும் ரோமாபுரியில் இருக்கிறார்கள். போன இடமெல்லாம் தங்கள் வீட்டைச் சபைக்குத் திறந்துவிட்டவர்கள். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்ற நான்கு பெண்களைப் பற்றிப் பவுல் சொல்வது ஒன்றுதான்: உழைத்தார்கள். நர்கீசு என்ற ஒருவனுடைய வீட்டார் வருகிறார்கள். இவர்கள் அந்த வீட்டு அடிமைகளாகவோ விடுதலை பெற்ற வேலையாட்களாகவோ இருக்க வேண்டும் என்று வேத அறிஞர்கள் கருதுகிறார்கள். நர்கீசுக்குப் பவுல் வாழ்த்துச் சொல்லவில்லை. அவனுடைய வீட்டாரில் கர்த்தருக்குட்பட்டவர்களுக்குத்தான் வாழ்த்து. முதலாளியின் பேர் முகவரிக்கு மட்டும் பயன்பட்டிருக்கிறது. எத்தனையோ வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பேரால் அறியப்பட்ட தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் மக்களுக்கு இந்த வரி நன்றாகவே புரியும்.

பதின்மூன்றாம் வசனத்தில் எனக்கு மனம் நின்றுவிடும். “கர்த்தருக்குள் தெரிந்துகொள்ளப்பட்ட ரூபையும், எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும் வாழ்த்துங்கள்.” பவுல் எப்போது அந்தத் தாயின் வீட்டில் சாப்பிட்டார், எந்தக் காய்ச்சலில் அவள் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள் என்று எதுவும் எழுதப்படவில்லை. வேதசாஸ்திரத்தின் உச்சியில் நின்று பேசிய மனிதர், தனக்கு இன்னொரு தாய் இருக்கிறாள் என்று பொதுக் கடிதத்தில் எழுதுகிறார். ‘நீ யார்’ என்று பவுலைக் கேட்டால், இயேசுகிறிஸ்துவின் ஊழியக்காரன், புறஜாதிகளின் அப்போஸ்தலன் என்பது ஒரு பதில். ரூபின் தாய்க்கு இன்னொரு பிள்ளை என்பதும் அதே கடிதத்தில் உள்ள பதில்தான்.

இருபத்திரண்டாம் வசனத்தில் திடீரென்று வேறொரு குரல். “இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்னும் நான் கர்த்தருக்குள் உங்களை வாழ்த்துகிறேன்.” பவுல் சொல்லச் சொல்ல எழுதியவன். அடுத்த வசனத்தில் குவர்த்து என்ற சகோதரன். லத்தீனில் மூன்றாமவன், நான்காமவன். அடிமைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பேர்கள் இவை. எண்ணையே பேராகச் சுமந்த ஒருவன், வேதாகமத்தின் மிகப் பெரிய கடிதங்களில் ஒன்றுக்குள் தன் குரலில் ‘நான்’ என்று எழுதியிருக்கிறான். பவுல் அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை. என் தாத்தாவின் தம்பி தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவர். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுடைய கணக்கையும் கடிதத்தையும் எழுதியவர். தெர்தியுவின் வரியை வாசிக்கும்போது நான் அவரை நினைக்காமல் இருந்ததில்லை.

பவுல் ‘நான் வாழ்த்துகிறேன்’ என்று எழுதியிருக்கலாம். அவர் ‘வாழ்த்துங்கள்’ என்று அவர்களிடம் வேலையை ஒப்படைக்கிறார். கிலவுதியுவின் ஆணை பொதுவாகக் கி.பி. 49 என்று கணிக்கப்படுகிறது. அவன் 54-இல் இறந்த பிறகு யூத விசுவாசிகள் ரோமாபுரிக்குத் திரும்பினார்கள். அதற்குள் சபைகள் பெரும்பாலும் யூதரல்லாதார் கையில் இருந்தன. உணவு வேறு, நாள் வேறு, பழக்கம் வேறு. ஒரே ஊரில் தனித்தனி வீடுகளில் கூடிய கூட்டங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களும் எல்லாம் சாப்பிடுகிறவர்களும் ஒருவரையொருவர் ஏளனமாகப் பார்த்தார்கள். இந்த நிலையில், பிரிஸ்கில்லாளின் வீட்டில் கூடுகிறவர்கள் அரிஸ்தொபூலுவின் வீட்டாரை வாழ்த்த வேண்டும், யூதப் பேருள்ளவர் கிரேக்கப் பேருள்ளவரை வாழ்த்த வேண்டும். பட்டியல் உரக்க வாசிக்கப்படும்போது அவரவர் பேர் மற்றவர் காதில் விழும். கடிதத்தை அவர்களிடம் நேரில் கொண்டுசென்றவள் கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி பெபேயாள் என்று பல வேத அறிஞர்கள் கருதுகிறார்கள். பதினைந்து அதிகாரத்து உபதேசமும் பதினாறாம் அதிகாரத்தில் காலூன்றி நடக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பேர்ப் பட்டியல் என்றால் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று. விடியுமுன்னே தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் திடலில், கூட்டம் நிற்கும். கங்காணி நிற்பார், கிராணி செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தோடு வருவார். பேர் கூப்பிடப்படும். பதில் சொன்னால் அன்றைய கூலி உண்டு, தவறினால் இல்லை. 1907-இல் உருவான தமிழ்க் குடியேற்ற நிதியின் உதவியிலும், கங்காணிகளின் ஆள்சேர்ப்பிலும் வந்து சேர்ந்தவர்கள் இப்படித்தான் நாள்தோறும் எண்ணப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன் பிறகும் ராஜுலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையில் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலிலும் பட்டியல், தனிமைப்படுத்தும் முகாமிலும் பட்டியல், தோட்டத்திலும் பட்டியல். எல்லாப் பட்டியலும் ஆளை வேலைக்காகக் கணக்கெடுத்தன.

எங்கள் சபையில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படியெடுக்கும் வேலையில் நானும் இருக்கிறேன். கனத்த அட்டை போட்ட நீளமான புத்தகம். கறுப்பு மை பழுப்பாகிவிட்டது. மழைக்கால ஈரத்தில் தாள்களின் ஓரம் அலையலையாக நெளிந்திருக்கிறது. கட்டங்கள் கையால் கோடு போட்டவை: வரிசை எண், தேதி, பேர், பெற்றோர் பேர், குடியிருப்பு, தொழில், சாட்சிகள். ஒரு பக்கத்தில் ஒரே நாளில் ஒரு குடும்பம் முழுவதும் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். பழைய பேர் மேலே, ஞானஸ்நானப் பேர் கீழே, இரண்டையும் எழுதியவர் ஒரே கவனத்தோடு எழுதியிருக்கிறார். குடியிருப்புக் கட்டத்தில் தோட்டத்தின் பேர். தொழிலில் ‘பால்வெட்டு’. கைக்குழந்தைக்கு எதிரே தொழிற்கட்டத்தில் ஒரு சிறு கோடு.

சாட்சிகளின் கட்டம்தான் என்னை நிறுத்தியது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெண்ணின் கைநாட்டு. நீல மையில் அழுத்தி வைத்த பெருவிரல், அதன் அருகில் வேறொருவர் எழுதிய அவள் பேர், தொழில்: மருத்துவச்சி. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவள் கையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆலயத்திலும் அவளே சாட்சியாக நின்றிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்தான் அந்தப் பதிவேட்டில் அதிகம் எழுதப்பட்ட பேர்.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் நினைவுக்கு வந்தது. எகிப்துக்கு வந்தவர்களின் பேர்களோடு அது தொடங்குகிறது. அந்நிய நாட்டில் செங்கலும் சாந்தும் சுமக்க வைக்கப்பட்ட ஜனத்தின் கதை. ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவின் பேர் அந்த அதிகாரத்தில் எங்குமே இல்லை. பார்வோன் என்ற பட்டம் மட்டும் உண்டு. பிள்ளைகளைக் காப்பாற்றிய இரண்டு மருத்துவச்சிகளின் பேரோ எழுதப்பட்டிருக்கிறது: சிப்பிராள், பூவாள். யாருடைய பேரை நினைவில் வைக்க வேண்டும் என்பதில் வேதத்துக்கு ஒரு தீர்க்கமான பக்கச்சார்பு இருக்கிறது. அந்தப் பக்கச்சார்பை நான் முழு மனதோடு நேசிக்கிறேன்.

1942-இல் பதிவேடு மெலிகிறது. ஜப்பானியர் காலம். தோட்டங்களிலிருந்து, சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட மரண ரயில் பாதை வேலைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் வருடந்தோறும் பிள்ளைகளைக் கொண்டுவந்த சில குடும்பங்களின் பேர், அதற்குப் பிறகு வருவதே இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. அதே தண்டவாளத்தில் செத்த நம் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பேர் பொறித்த கல் கிடையாது. பெரட்டுக்களத்தில் நாள் தவறாமல் எண்ணப்பட்டவர்கள், செத்தபோது எண்ணப்படவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு வரிதான் அவர்களில் சிலருக்கு மிஞ்சியிருக்கும் எழுத்து.

இப்படிச் சொல்லும்போது, சபை எப்போதும் எல்லாரையும் அணைத்துக்கொண்டது என்று நான் சொல்லவரவில்லை. வேதத்துக்குள்ளேயே ஆளைத் தள்ளிவைக்கும் பட்டியல் இருக்கிறது. எஸ்றா 2-இல், சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமல், ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். உபாகமம் 23, மோவாபியன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது. அதே வேதத்தில் மோவாபிய ரூத், “உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்” என்று மாமியாரோடு நடந்து வருகிறாள். மத்தேயு தன் சுவிசேஷத்தின் முதல் பக்கத்திலேயே அவளை இயேசுவின் பாட்டிமாரில் ஒருத்தியாக எழுதிவைக்கிறார். இரண்டு விதப் பட்டியலும் நம் கையில் இருக்கிற ஒரே புத்தகத்தில் உள்ளன. எதை நம் வீட்டில் நடைமுறைப்படுத்துகிறோம் என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலத்தில் ரயில்வே குடியிருப்புகள் நிறைந்திருந்தன. அங்கே இலங்கையிலிருந்து வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இருந்தார்கள். ஆங்கிலம் படித்தவர்கள். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள். ஒரே கர்த்தர், ஒரே வேதாகமம், ஒரே கீர்த்தனைகள். ஆனால் ஒரு சாரார் மற்றவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதைப் பெரியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஜாதியும் கப்பலேறி வந்தது. 1833-இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் ஜாதி வேறுபாட்டை அறவே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதம் எழுதி இரண்டு நூற்றாண்டு நெருங்குகிறது. இன்றைக்கும் நம் வீடுகளில் பெண் பார்க்கும்போது, ‘இரட்சிக்கப்பட்ட குடும்பமா?’ என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி என்னவென்று நம் எல்லாருக்கும் தெரியும். ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்ற வசனத்தைப் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அந்த அடுத்த கேள்வியைக் கேட்கிறோம். இது பாவம். இதற்கு மென்மையான வேறு பேர் வைக்க எனக்கு மனமில்லை.

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார். சிலாங்கூர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். வேறு நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அவரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. பிறப்பை யாரும் பதியாததால் குடியுரிமை கிடைக்கவில்லை. 1948-இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை அறிமுகமானது. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். பாட்டியின் வீட்டார் போகவில்லை. அவருடைய ஞானஸ்நானப் பதிவு எங்கள் பழைய புத்தகத்தில் கிடைத்தது: தாயின் பேர், தோட்டத்தின் பேர், தேதி. அதன் படியைத் துணை ஆவணமாக அவருடைய விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. இன்னொரு படியைப் பிளாஸ்டிக் உறைபோட்டு வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்.

வீட்டு ஜெபக் கூட்டத்தில் அவர் என்னை வாசிக்கச் சொல்வது எபேசியர் 2:19. “ஆகையால், நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருந்து...” இது வெறும் ஆவிக்குரிய ஆறுதல் என்று ஒதுக்க எனக்கு வாய் வரவில்லை. பவுலுக்குக் குடியுரிமையின் விலை தெரியும். எருசலேமில் அவரைச் சாட்டையால் அடிக்கக் கட்டினபோது, ரோமக் குடியுரிமைதான் அவரைக் காப்பாற்றியது. மிகுந்த பணம் கொடுத்து அதை வாங்கினேன் என்று சேனாபதி சொல்ல, நான் அதோடு பிறந்தவன் என்றார் பவுல். பிறந்தவனுக்கும் வாங்கினவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த மனிதர், ‘ஒரே நகரத்தார்’ என்று எழுதுகிறார். அப்படியானால் பாட்டியின் விண்ணப்பத்துக்கு அலைவதும் சபையின் வேலை. ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போக நமக்கு உரிமையில்லை. “பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி” என்று எரேமியா பாபிலோனில் இருந்தவர்களுக்கு எழுதியதும் இதைத்தான் கேட்கிறது என்று நினைக்கிறேன். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கிற ஊருக்காக மன்றாடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசுவார்கள், பாடுவார்கள், வேதாகமத்தைத் திறந்தால் எழுத்துக் கூட்டுவார்கள். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தமிழ் ஆராதனையைப் பெரியவர்களின் ஆராதனை என்று நாமே ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் வரவில்லையே என்று கேட்பது நியாயமும் இல்லை. எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் உபாகமம் 26-ஐ எடுத்துக்கொண்டோம். முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் இஸ்ரவேலன் பலிபீடத்தின் முன் சொல்ல வேண்டிய அறிக்கை அது. தன் பெருமையை அவன் சொல்வதில்லை. தன் தகப்பன் அழிவுக்கு நேரான சீரியா தேசத்தானாயிருந்தான், கொஞ்சம் ஜனங்களோடே எகிப்துக்குப் போய்ப் பரதேசியாய்ச் சஞ்சரித்தான் என்று தொடங்குகிறான். அடுத்த வசனத்தில் ‘என் தகப்பன்’ ‘எங்கள்’ ஆகிவிடுகிறது: எகிப்தியர் எங்களை ஒடுக்கினார்கள், நாங்கள் கூப்பிட்டோம், கர்த்தர் எங்கள் சத்தத்தைக் கேட்டார். நூற்றாண்டுகளுக்குப் பின் பிறந்தவனும் ‘எங்களை’ என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளைகளை அவரவர் வீட்டு அறிக்கையை எழுதிவரச் சொன்னோம். எந்த மொழியிலும் எழுதலாம், தாத்தா பாட்டியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மலாயில் ஒருவன் எழுதினான், ஆங்கிலத்தில் பலர், தமிழில் சிலர். ‘என் பூட்டன் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், அவர் பேர் யாருக்கும் தெரியவில்லை’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அந்தப் பேரைப் பதிவேட்டில் தேடினோம். கிடைத்தது. அவள் அதைத் தன் கையால் படியெடுத்தாள். தமிழ் எழுத்து கோணலாக வந்தது, தோட்டத்தின் பேரில் ஒரு புள்ளி விடுபட்டது, திருத்தி எழுதினாள். இந்து மதத்தில் இருந்துவிட்ட பூட்டனின் தம்பி வழி உறவுகளையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்க்கச் சொன்னேன்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்தான் அதிகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறியபோது சில சபைகளின் புத்தகங்கள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. ஆகவே இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தா காலத்து வேதாகமம் இருந்தால் அதன் முதல் தாளையும் கடைசித் தாளையும் புரட்டிப் பாருங்கள். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு என்று அங்கே எழுதி வைப்பது நம் குடும்பங்களின் வழக்கம். அதைப் படமெடுத்து உங்கள் சபை அலுவலகத்தில் கொடுத்து, பதிவேட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். தோட்டத்தின் பேரை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலப் பேர் தெரியாவிட்டால், நம் மக்கள் அந்தத் தோட்டத்துக்கு வைத்து அழைத்த தமிழ்ப் பேர் போதும். அதைக் கொண்டு மற்றதைக் கண்டுபிடிக்கலாம். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பேரைத் தனியாக எழுதிக் கொடுங்கள். அந்தக் காலத்துப் பக்கங்களில் எங்களுக்கு இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது.